தானமாக வந்த பிரஸ்ஸும் என் ஓரகத்தியும்

என் ஓரகத்தியோடு எங்கே வேண்டுமானாலும் போகலாம், வரிசை இருக்கிற இடத்துக்கு மட்டும் போகக் கூடாது. ஒருமுறை மாமியாருக்குக் கண் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு வாங்க ஒரு வரிசை, வாங்கிய சீட்டில் முத்திரை குத்த இன்னொரு வரிசை. எல்லோரும் தலையெழுத்தே என்று நின்றார்கள். இவள் மட்டும் நேரே ஜன்னலுக்குப் போய், "ஏம்ப்பா, முத்திரையை இந்த மேஜைக்கே கொண்டுவந்தா ஒரே வரிசை ஆயிடுமே, யாராவது வேணாம்னு சொன்னாங்களா?" என்று கேட்டாள். உள்ளே இருந்தவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார். எங்களுக்குச் சீட்டுக் கிடைக்க மதியம் ஆயிற்று. நான் யாரோ போல ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். பார்த்தால் மாமியாரும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார்.

ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்பார்கள். நாங்களும் முட்டிக்கொண்டோம். நான் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது என் அடுப்படியை மொத்தமாக மாற்றி அடுக்கி வைத்தாள். உப்பு எடுக்க நான் நடக்கிற நடை மிச்சமாகுமாம். கைக்குழந்தையோடு திரும்பி வந்து ஒரு வாரம் உப்பைத் தேடினேன். அப்புறம் பழகிவிட்டது. உண்மையிலேயே நடை மிச்சமாயிற்று என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம்.

அவள் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் கவுண்டரில் உட்கார்ந்திருந்தவள். நிரந்தர உத்தியோகம், மின்விசிறிக்கு நேர் கீழே நாற்காலி. அந்த அலுவலகத்துத் தாழ்வாரத்தில் ஒரே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு முனையில் ஆள் கிடைக்கவில்லை என்று புகார் சொல்ல வந்த கம்பெனிக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மறுமுனையில் வேலை கிடைக்கவில்லை என்று வந்தவர்கள். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் ஏறிட்டும் பார்க்க மாட்டார்கள். இவள் அனுப்பிவைக்கிற ஆட்களும் அடுத்த மாதமே அதே பெஞ்சுக்குத் திரும்பி வந்துவிடுவார்கள். கேட்டால், வேலை தெரியவில்லை என்று கம்பெனி சொல்லும். யாரும் சொல்லித்தரவில்லை என்று ஆள் சொல்வார். இதைப் பல வருஷம் பொறுத்துக்கொண்டு எத்தனையோ பேர் ஓய்வு பெற்றிருக்கிறார்கள். இவளால் முடியவில்லை.

ஒருநாள் கதவுக் கீல் செய்கிற கம்பெனியின் முதலாளியைக் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய் பெஞ்சின் மறுமுனையில் உட்கார வைத்தாள். ஸ்பிரிங் கம்பெனி அம்மாவையும் பூட்டு கம்பெனிக்காரரையும் அடுத்தடுத்து அப்படியே. தொழிற்கல்லூரி ஆசிரியர் ஒருவரும் மாட்டிக்கொண்டார். அப்படி உருவானதுதான் பயிற்சிக் கூடம். கம்பெனிகள் ஆளுக்கொரு மெஷின் தர வேண்டும். கல்லூரி ஆசிரியரைத் தர வேண்டும். அலுவலகம் ஆட்களை அனுப்ப வேண்டும். பழகி முடித்தவர்களைக் கம்பெனிகள் வேலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். மூடிக்கிடந்த ஒரு துணிக்கிடங்கைச் சுத்தம் பண்ணி அதற்குள் எல்லாவற்றையும் வைத்தாள். கடைசியில் நிரந்தர உத்தியோகத்தை விட்டுவிட்டு அதற்குள் தானும் போய் உட்கார்ந்துகொண்டாள்.

வீடு ரெண்டுபட்டது. மாமியார் சாமி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவள் கணவர், அதாவது என் வீட்டுக்காரருடைய அண்ணன், ஒரே ஒரு வார்த்தை சொன்னார். "சொன்னா கேக்கற ஆளா இருந்தா நான் ஏன் சொல்லாம இருக்கேன்." அதோடு பேப்பரை விரித்துக்கொண்டார்.

அவள் கைப்பையில் எப்போதும் சாக்பீஸ் இருக்கும். கம்பெனிக்குள் போனால் வேலை செய்கிறவர்களின் பின்னாலேயே நடந்து, அவர்கள் போகிற வழியையெல்லாம் தரையில் கோடு போட்டுக்கொண்டே வருவாள். கீல் கம்பெனியில் அப்படிப் போட்டபோது, தகரத் துண்டுகளைக் கொட்டுகிற தொட்டிக்கு மட்டும் கோடு மேல் கோடாக வெள்ளைப் பாதையே விழுந்துவிட்டது. தொட்டியை நகர்த்தி மெஷின்களுக்கு நடுவே வைத்தார்கள். ஃபோர்மேனுக்கு இது பிடிக்கவில்லை. அவர் வைத்த இடம் அது. அந்த ஃபோர்மேன் என் வீட்டுக்காரர்தான். அன்று முதல் கம்பெனியில் அவளுக்குச் சாக்பீஸக்கா என்று பெயர்.

வேலையை விட்டுப் போனவர்களின் வீட்டுக்கே போய் ஏன் போனாய் என்று கேட்பது அவளுடைய இன்னொரு வழக்கம். வேலைக்குச் சேர்கிறவர்களிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற கம்பெனிகள் எதுவும் போகிறவர்களிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை, அது தப்பு என்பாள். கேட்பது சரி. அதற்கு என்னையும் எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்? முன்பின் தெரியாதவர்கள் வீட்டில், துவைத்த துணிக்கு நடுவே உட்கார்ந்து, சர்க்கரை போதாத தேநீரைக் குடித்து, அவர்கள் முகத்தைப் பார்க்கவும் முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு எத்தனை மாலைகள் போயிருக்கின்றன.

பிள்ளைகள் பெரிய வகுப்புக்குப் போன பிறகு எனக்கு வீட்டில் பகல் நீண்டுவிட்டது. அதைக் கண்டுபிடித்ததும் அவள்தான். "காலையில வகுப்பு, புள்ளைங்க வர்றதுக்குள்ள திரும்பிடலாம். வா," என்றாள். வகுப்பு நேரத்தை அப்படி வைத்ததால் சேர்ந்தவர்கள் எல்லோருமே என்னைப் போன்ற பெண்கள். வீட்டில் சொன்னதும் இவர் சிரித்தார். என் வலது கை மோதிர விரல் நுனியில் கொஞ்சம் கோணல். சின்ன வயதில் கதவிடுக்கில் நசுங்கியது.

"கதவுல விரலை விட்டவளுக்குக் கீல் கம்பெனியில வேலையா?" என்றார்.

"நீங்க ஃபோர்மேனா இருக்கற இடத்துல யார் வேணா இருக்கலாம்," என்றேன். சேர்ந்துவிட்டேன்.

பயிற்சிக் கூடத்தில் நாங்கள் பழகியது கீல் கம்பெனி கொடுத்த பிரஸ் மெஷினில். அதன் நெற்றியில் பச்சைப் பெயிண்டின் மேல் மஞ்சள் எழுத்தில் 'அன்பளிப்பு' என்று எழுதி, கீழே முதலாளி பெயரை அதைவிடப் பெரிதாக எழுதியிருந்தார்கள். வேலை இதுதான்: இடது கையால் கீழ் அச்சின் மேல் தகட்டை வைக்க வேண்டும், காலால் பெடலை அழுத்த வேண்டும், மேல் அச்சு இறங்கித் தகட்டில் ஓட்டை போட்டு வளைத்துவிட்டு ஏறும். எடுத்துப் போட்டுவிட்டு அடுத்த தகடு. முதல் வாரம் சத்தம் கேட்டாலே பெடலிலிருந்து காலை எடுத்துவிடுவேன். மூன்றாவது வாரம் பக்கத்தில் இருந்தவளோடு கதை பேசிக்கொண்டே ஓட்டினேன். உண்மையைச் சொன்னால், கல்யாணமானதிலிருந்து எனக்கு அவ்வளவு சந்தோஷமாக எதுவும் வசப்பட்டதில்லை. இதை நான் ஓரகத்தியிடம் சொல்லவில்லை. சொன்னால் தலைக்கு மேல் ஏறி உட்காருவாள்.

பயிற்சி முடிந்து எங்கள் மொத்தப் பேரையும் கீல் கம்பெனி எடுத்துக்கொண்டது. புதிதாக வாங்கிய பிரஸ் வரிசையில் எங்களை நிறுத்தினார்கள். இங்கே சோதனைக் காலம் ஒன்று உண்டு. அது முடிவதற்குள் வரிசை சரியாக ஓடினால் எங்களுக்கு வேலை நிரந்தரம், பயிற்சிக் கூடத்துக்கும் எல்லா முதலாளிகளும் தொடர்ந்து ஆதரவு தருவார்கள். ஓடாவிட்டால் எங்களையும் அனுப்பிவிடுவார்கள், கூடத்தையும் மூடிவிடுவார்கள். ஓரகத்தியின் பழைய நாற்காலியில் மின்விசிறிக்குக் கீழே அதற்குள் வேறொருவர் உட்கார்ந்தாயிற்று.

வரிசை ஓடவில்லை.

புது மெஷினில் இரண்டு பக்கமும் இரண்டு கம்பங்கள். நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை ஒன்று இருக்கிறதாம். மேல் அச்சு இறங்கும்போது கை குறுக்கே போனால் மெஷின் அப்படியே நின்றுவிடும், சிவப்பு விளக்கு எரியும், ஃபோர்மேன் வந்துதான் மறுபடி ஓடவிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் எங்கள் மெஷின்கள் சும்மா சும்மா நின்றன. ஒன்றை ஓடவிட்டால் இன்னொன்று நிற்கும். என் வீட்டுக்காரர் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடி ஓடிக் கால் வீங்கி வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வந்த பிறகு சும்மா இருப்பாரா?

"கையை விடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"யார் விட்டா? நான் விடவே இல்ல. தகட்டை வெச்சதும் கையை எடுத்துடறேன்."

"அப்ப மெஷின் பொய் சொல்லுதா?"

"நான் பொய் சொல்றேங்கறீங்களா?"

சோறு ஆறிப்போகும். பிள்ளைகள் தட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

நாங்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருத்தியும் பிள்ளைகள் மேல் சத்தியம் பண்ணினாள். கடைசியில் அவரே எங்களை நம்பிவிட்டார். ஒளித்திரையில்தான் கோளாறு, வெளிச்சம் பட்டாலே நிற்கிறது, தூசி பட்டாலே நிற்கிறது என்று முடிவாயிற்று. மெஷின் விற்ற கம்பெனியிலிருந்து ஆள் வந்து துடைத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறமும் நின்றது.

ஒளித்திரையைத் தூங்கவைக்க ஒரு சாவி உண்டு. மெஷினைப் பழுது பார்க்கும்போது மட்டும் போட வேண்டியது. முதலாளி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை மத்த முதலாளிங்க வராங்க. அன்னைக்கு அந்தச் சாவியைப் போட்டு ஓட்டு. ஓடற வரிசையை அவங்க பாக்கட்டும், மத்ததை அப்புறம் பேசிக்கலாம்," என்று இவரிடம் சொல்லிவிட்டார். இவருக்கு மனசில்லை. ஆனால் மறுத்துப் பேசவும் வாயில்லை. சாவியை வீட்டுச் சாவிக் கொத்திலேயே கோத்துக்கொண்டு வந்தார். எங்களுக்கு என்னவோ நிம்மதிதான். திங்கட்கிழமை வரிசை ஓடும், வேலை நிலைக்கும், சனியன் விட்டது என்று நானும்தான் நினைத்தேன்.

இதற்கு நடுவில் எங்களில் ஒருத்தி வேலையை விட்டு நின்றுவிட்டாள். என் பக்கத்து மெஷின்காரி. உடனே ஓரகத்தி பையை மாட்டிக்கொண்டாள். "வா, போய்ப் பாத்துட்டு வரலாம்."

"அக்கா, அவளுக்கு இஷ்டமில்ல, நின்னுட்டா. விடுங்க."

"ஏன் இஷ்டமில்லன்னு தெரிய வேணாமா?"

சனிக்கிழமைச் சாயங்காலமும் வீணாகப்போயிற்று என்று பல்லைக் கடித்துக்கொண்டு போனேன். அவள் மாடிப்படிக்குக் கீழே ஒண்டுக் குடித்தனம். அவள் எங்களைப் பார்த்ததும் அழத் தயாராகிவிட்டாள். ஓரகத்தி தேநீரை வாங்கிக் குடித்துக்கொண்டே ஒரே கேள்வி கேட்டாள்.

"புது மெஷின்ல உனக்கு என்ன புடிக்கல?"

அவள் யோசித்தாள். "அது ரொம்ப அவசரப்படுதுக்கா. நம்ம கூடத்து மெஷின் பொறுமையா இருக்கும். பெடலை அழுத்தினா, நாம சரி பண்ணிக்கற வரைக்கும் காத்திருந்துட்டு அப்புறம்தான் இறங்கும். இது அழுத்தினதும் இறங்குது. எனக்குப் பயமா இருக்கு."

எனக்கு இதில் ஒன்றும் விளங்கவில்லை. மெஷினாவது பொறுமையாக இருக்கிறதாவது. ஆனால் ஓரகத்தி குடித்துக்கொண்டிருந்த தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள். நன்றாக ஞாபகம் இருக்கிறது, பாதித் தேநீர் அப்படியே இருந்தது. அவள் எதையும் மிச்சம் வைக்கிறவள் இல்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை அப்படியே எழுப்பிக் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். பூட்டைத் திறந்து, மெஷினைப் போட்டு, "ஓட்டு," என்றாள்.

"இன்னைக்கு லீவுக்கா."

"ஓட்டுடி."

ஓட்டினேன். பழைய மெஷின், பழைய சத்தம், கை தானாக ஓடியது. அவள் பக்கவாட்டில் குனிந்து நின்று பார்த்தாள். பத்துப் பதினைந்து தகடு ஆனதும் நிறுத்தச் சொன்னாள்.

"உன் கை என்ன பண்ணுதுன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன பண்ணும்? வேலை பண்ணுது."

அவள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வாயைத் திறந்தால் மூடாதவள், முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பச்சை மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி ஜன்னலிலும் முதலாளிகள் நடுவிலும் பார்த்த ஆளே இல்லை. எனக்குப் பயமாகிவிட்டது. என்னக்கா, என்னக்கா என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. நீ நாளைக்கு வேலைக்கு வரும்போது தலையை இறுக்கிப் பின்னிட்டு வா," என்றாள். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமையைக் கெடுத்துவிட்டு, எதற்கென்றும் சொல்லாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். எண்ணெய் காதுவரை வழிந்துவிட்டது.

திங்கட்கிழமை முதலாளிகள் வந்து நின்றார்கள். கீல் கம்பெனி முதலாளி இவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். இவர் சாவிக் கொத்தைக் கையில் எடுத்தார். அந்தச் சமயம் பார்த்து ஓரகத்தி உள்ளே நுழைந்தாள்.

"முதலாளி, சாவியைப் போடறதுக்கு முன்னாடி எனக்குக் கொஞ்ச நேரம் குடுங்க. அது வரைக்கும் திரை இருக்கட்டும்."

இவர் சாவியைத் தாழ்த்திக்கொண்டார். அண்ணி எதையோ கெடுக்கப் போகிறார் என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. என் முகத்திலும்தான். இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தால் எங்கள் வேலை நிரந்தரம், அவள் கூடமும் பிழைத்துவிடும். அதற்குக்கூட இவளால் சும்மா இருக்க முடியாதா? வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைக்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவள் பையிலிருந்து சாக்பீஸை எடுத்தாள். பொடி பண்ணி ஒரு மூடியில் கொட்டினாள். வரிசையாக வந்து எங்கள் வலது கை விரல்களைப் பிடித்து அதில் அழுத்தினாள். என் விரலை அழுத்தும்போது அவள் கை ஈரமாக இருந்தது.

"எப்பவும் போல ஓட்டுங்க. வேகமும் வேணாம், மெதுவாவும் வேணாம்."

ஓட்டினோம். வழக்கம் போல மெஷின் நின்றது. இவர் ஓடவிட்டார். மறுபடி நின்றது. முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அவள் போதும் என்று கையைக் காட்டினாள். மின்சாரத்தை நிறுத்தச் சொல்லி, எல்லோரையும் முதல் மெஷினுக்கு அழைத்தாள்.

கீழ் அச்சு கறுப்பு. எப்போதும் எண்ணெய் பூசியிருக்கும். அதன்மேல், வலது கைக்கு வேலையே இல்லாத இடத்தில், மேல் அச்சு வந்து விழுகிற இடத்தில், வெள்ளையாக விரல் தடங்கள். அடுத்த மெஷினிலும் இருந்தன. அதற்கடுத்ததிலும் இருந்தன. கையை விடவே இல்லை என்று சத்தியம் பண்ணிய ஒருத்தியின் மெஷின்கூட மிச்சமில்லை. எங்களுக்கே எங்கள் கையை அடையாளம் தெரியவில்லை. ஒருத்தி, "ஐயோ, இது நான் இல்லக்கா," என்று தன் விரலையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

என் மெஷினுக்கு வந்தார்கள். மூன்று விரல் தடம். இரண்டு நேராக, ஒன்று நுனியில் கோணலாக.

இவர் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. கம்பெனியில் எத்தனை விரல்கள் இருந்தாலும் அந்தக் கோணல் விரல் யாருடையது என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. கையில் இருந்த கொத்திலிருந்து அந்தச் சாவியை மட்டும் கழற்றி முதலாளி முன்னால் நீட்டினார்.

"இந்தச் சாவியை நான் போட மாட்டேன் முதலாளி," என்றார். "வேற ஃபோர்மேனைப் பாத்துக்கங்க."

முதலாளிக்கு யார் மேலாவது பாய வேண்டும். ஓரகத்தி மேல் பாய்ந்தார். "அப்ப உங்க கூடத்துல இவங்களுக்கு என்னதான் சொல்லிக்குடுத்தீங்க?"

"உங்க மெஷினைச் சொல்லிக்குடுத்தோம். நல்லாவே சொல்லிக்குடுத்தோம், அதான் மறக்க மாட்டேங்குது." அவள் குரல் ஏறவில்லை. "நீங்க குடுத்த பிரஸ்ல அச்சு தேஞ்சு போச்சு. தகட்டை வெச்சா நகரும். பெடலை அழுத்தினா உடனே இறங்காது, ஒரு மூச்சு விட்டுட்டு இறங்கும். அந்த மூச்சுக்குள்ள இவங்க விரலை விட்டுத் தகட்டைச் சரி பண்ணிக் கையை எடுத்துக்கறாங்க. யாரும் சொல்லித்தரல. மெஷின் சொல்லித்தந்துச்சு. இங்க அந்த மூச்சு இல்ல, கை மட்டும் போகுது. திரை இருக்கறதால மெஷின் நிக்குது. திரை இல்லன்னா என்ன நிக்கும்னு நீங்களே சொல்லுங்க."

முதலாளி மெஷினை விட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"தானமா வந்த மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கக் கூடாதுன்னு நானும் இருந்துட்டேன். அது என் தப்பு. அந்தக் கூடத்துலயே யாருக்காவது விரல் போயிருக்கும், போகாதது நம்ம அதிர்ஷ்டம். நேத்து அதை நெனைச்சு எனக்குத் தூக்கம் வரல. ஆனா பல்லு கொட்டின மாட்டைத் தானம் பண்ணது நான் இல்ல."

"இதுக்குத்தான் கூடம்னா மூடிடலாமே," என்றார் முதலாளி. கோபமா, வெட்கமா என்று தெரியவில்லை.

"மூடுங்க. ஆனா அந்தச் சாவியைப் போட்டு மட்டும் ஓட்டாதீங்க."

அந்த வார்த்தையில்தான் எனக்கு விளங்கியது. நேற்றே இவளுக்கு எல்லாம் தெரியும். பேசாமல் இருந்தால் கூடம் பிழைக்கும் என்றும் தெரியும். அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்திருக்கிறாள். என்னை எண்ணெய்த் தலையோடு அனுப்பிவிட்டுத் தனியாக உட்கார்ந்து யோசித்திருக்கிறாள்.

அப்போது ஸ்பிரிங் கம்பெனி அம்மா தொண்டையைச் செருமினார். "நாங்க குடுத்த சுருள் மெஷின் எப்படி ஓடுது?"

"ஓடினாத்தானேம்மா எப்படின்னு சொல்ல," என்றாள் ஓரகத்தி.

பூட்டு கம்பெனிக்காரர் கூரையைப் பார்த்தார். அவர் கொடுத்த கடைசல் மெஷின் என்ன லட்சணம் என்று அவருக்குத் தெரியும். உபயோகமில்லாததைத் தள்ளிவிட நல்ல இடம் கிடைத்தது என்றுதான் ஆளுக்கொன்றைத் தள்ளியிருந்தார்கள். பாத்திரம் அறிந்து பிச்சையிடு என்பார்கள், இவர்கள் ஓட்டைப் பாத்திரத்தையே பிச்சையிட்டிருக்கிறார்கள். அந்த அம்மாதான் முதலில் சிரித்தார். சிரிப்பு ஒவ்வொருவராகத் தொற்றி, கடைசியில் கீல் முதலாளியிடம் வந்து சேர்ந்தபோது அது சிரிப்பாக இல்லை, ஆனால் கோபமாகவும் இல்லை.

ஒரேயடியாக எல்லாம் சரியாகிவிடவில்லை. பச்சை மெஷினை ஓட்டக் கூடாது என்று அன்றே கயிறு கட்டினார்கள். நல்ல மெஷின் தருவதற்கு முதலாளிக்கு மனசு வர நாளாயிற்று. அது வரைக்கும் வேலை தொடங்குவதற்கு முன் காலையில் புது வரிசையிலேயே பழகிக்கொள்ளலாம் என்றார். வாரம் ஒருநாள் ஒவ்வொரு கம்பெனியிலிருந்தும் ஒரு ஃபிட்டர் கூடத்துக்குப் போய், கொடுத்த மெஷின் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்று ஓரகத்தி பிடிவாதமாக நின்று வாங்கினாள். எங்கள் சோதனைக் காலத்தை நீட்டினார்கள். கூடத்தின் ஆயுளும் அதோடு சேர்த்து நீண்டது. எங்களில் இரண்டு பேர் இந்தக் கூத்தே வேண்டாம் என்று போய்விட்டார்கள். மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தவள் திரும்பி வந்தாள்.

அந்தச் சாவி இப்போது வரிசையில் வேலை செய்கிற பெண்கள் கையில். முறை வைத்து வைத்துக்கொள்கிறோம். என் முறை வரும் வாரத்தில் பழுது பார்க்க வேண்டுமென்றால் என் வீட்டுக்காரர் என் முன்னால் வந்து நிற்க வேண்டும். "எதுக்கு?" என்று கேட்பேன். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு பதில் சொல்வார். அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கை கழுவ விடாமல், என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தவரும் அவர்தான். இதை வெளியில் சொன்னால் கொன்றுவிடுவார்.

கற்றுக்கொள்வது ஒரு கஷ்டம் என்றால் கற்றதை மறப்பது அதற்கு அப்பன். ஓரகத்தி தினமும் காலையில் வந்து ஒரு மர ஸ்கேலோடு என் பின்னால் நின்றாள். பெடலை அழுத்தியதும் என் கை உள்ளே போக அசைந்தால் முழங்கையில் ஒரு தட்டு. வலிக்காது, ஆனால் மானம் போகும். பெற்ற பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடம் சொல்லித்தருகிற வயதில் ஸ்கேலடி வாங்குகிறேன், சுற்றிலும் சிரிக்கிறார்கள். கை போகும், தட்டுவாள். கை போகும், தட்டுவாள். வாய்விட்டுத் திட்டியும் பார்த்தேன். "திட்டிக்கோ, கையை மட்டும் வெளியில வெச்சுக்கிட்டுத் திட்டு," என்றாள்.

ஒருநாள் தகடு தகடாகப் போய்க்கொண்டே இருந்தது. கூடை நிரம்பியது. கூடையை மாற்றினார்கள், அதுவும் பாதியானது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, முழங்கையில் தட்டு விழவே இல்லை. ஸ்கேலைப் போட்டுவிட்டு வேறு யாரையோ இம்சை பண்ணப் போய்விட்டாள் போலிருக்கிறது என்று மெஷினை நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.

பின்னாலேயேதான் நின்றிருந்தாள். ஸ்கேலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கண் கலங்கி, மூக்கு சிவந்து, என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பாக்கறே," என்றாள். "வேலையப் பாரு."